அகலம் எழுதாத பெட்டி

வெனிஸுக்கு வடமேற்கே, மான்டெல்லோ குன்றின் அடிவாரத்தில் இருக்கும் மான்டெபெல்லூனா, மலையேற்ற பூட்ஸுக்குப் பேர்போன ஊர். பிறகு பனிச்சறுக்கு பூட்ஸுக்கும் அதுவே தலைநகரானது. பக்கத்துச் சிற்றூரான மாசெரில் 1960இல் தீனோ சிஞ்ஞோரி தொடங்கிய சிடி, அவர் பெயரின் முதலெழுத்துகளையே பெயராகக் கொண்டது. இன்று பந்தய சைக்கிள் ஷூ என்றாலே இந்த வட்டாரம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே வேலையைக் கிட்டே நின்று பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகப்படுகிறது. பெடலில் ஷூவைப் பூட்டி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் முன்பாதம் தீப்பட்டதுபோல் எரிவதும், விரல்கள் மரத்துப்போவதும் பெரும்பாலும் அவர்களுடைய பாதத்தின் குறையல்ல. ஷூ உருவாகும் அச்சின் அகலத்திலும், ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட் அடியில் திருகப்படும் இடத்திலும்தான் அந்த வலி தொடங்குகிறது.

லாஸ்ட் என்று காலணித் தொழிலில் சொல்லப்படும் அந்த அச்சை இத்தாலியர் ஃபோர்மா என்கிறார்கள். முன்பு மரக்கட்டை, இப்போது கெட்டியான பிளாஸ்டிக். ஷூவின் மேல்பாகத்தைச் சூடாக்கி இளக்கி அச்சின்மேல் போர்த்துகிறார்கள். இயந்திரத்தின் இடுக்கிகள் விளிம்பைச் சுற்றிலும் பிடித்திழுத்து அடியில் பசையோடு மடக்குகின்றன. பார்க்க முரட்டு வேலை. ஆனால் தரம் தீர்மானமாவது அதற்கடுத்த சில நொடிகளில். தொழிலாளி அதைக் கையில் எடுத்து, சுண்டுவிரல் வரும் பக்கத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்க்கிறார். சுருக்கம் தட்டுப்பட்டால் சுத்தியலால் தட்டிச் சமன்படுத்துகிறார். அச்சிலிருந்து அவசரமாகக் கழற்றினால் மேல்பாகம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஆகவே பொறுமையும் இந்த வேலையில் ஓர் அளவுகோல். எத்தனை கவனமாகச் செய்தாலும், அச்சு எங்கே குறுகியிருக்கிறதோ அங்கே ஷூவும் குறுகும். கைத்திறன் அச்சின் பிழையையும் பிசகாமல் படியெடுத்துவிடும்.

அச்சு ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதற்கு வட்டாரத்தின் வரலாற்றில் ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். பூட்டும் பெடலும் இந்த வட்டாரத் தொழிலும் பனிச்சறுக்கோடு தொடர்புள்ளவை. 1984இல் ஷூ நேரடியாகப் பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிரான்சின் லுக், பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிணைக்கும் கருவிகள் செய்த நிறுவனம். மறு ஆண்டு பெர்னார் இனோ அந்தப் பெடலோடு தூர் தெ பிரான்ஸை வென்றார். அதுவரை பாதத்தைப் பெடலோடு கட்டிய விரல்பட்டையும் வாரும் மெல்ல மறைந்தன. பனிச்சறுக்கில் பாதம் அசையாமல் இருப்பதே நன்மை; அந்த இறுக்கம் சைக்கிள் ஷூவின் அச்சிலும் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். சைக்கிளில் கதை வேறு. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரே இடத்தை 5,400 முறை அழுத்துகிறார். ஒவ்வோர் அழுத்தத்திலும் முன்பாதம் கொஞ்சம் பரவ விரும்புகிறது. நேரம் ஆக ஆக வெப்பத்தில் வீங்கவும் செய்கிறது. பக்கவாட்டில் இடமில்லாவிட்டால் பாத எலும்புகளின் முனைகள் நெருங்கி, நடுவில் ஓடும் நரம்பு நசுங்குகிறது. மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு இடையில் அந்த நரம்பு தடித்துப்போவதை மார்ட்டன் நியூரோமா என்கிறார்கள். பிலடெல்பியா மருத்துவர் தாமஸ் மார்ட்டன் 1876லேயே அந்த வலியை விவரித்தார். அப்போது கிளிப்லெஸ் பெடலே கிடையாது.

ஷூ கடித்தால் வாங்குபவர் அடுத்த எண்ணுக்குப் போகிறார். ஐரோப்பிய அளவில் ஓர் எண் கூடினால் நீளம் 6.67 மில்லிமீட்டர் கூடும். அகலம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை, எவ்வளவு கூடியது என்பதும் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. இன்னொரு தொல்லையும் பின்னாலேயே வருகிறது. நீண்ட ஷூவில் கிளீட் துளைகள் முன்னே நகர்ந்துவிடுகின்றன. அதனால் பெடலின் அச்சுத்தண்டு விரல்களை நோக்கிப் போகிறது. கெண்டைக்கால் கூடுதலாக உழைக்கிறது. முன்பாதத்தின் சுமையும் ஏறுகிறது. அகலம் தேடிப் போனவர் புது வலியோடு திரும்புகிறார். தோல் ஷூ காலத்தில் இதற்கு எளிய வழி இருந்தது. புது ஷூவைக் கிளீட் இல்லாமலே சில நாள் ஓட்டுவார்கள். பெடலின் விளிம்பு தோல் அடியில் தடம் பதிக்கும். அந்தத் தடத்தின்மேல் கிளீட்டை ஆணியடிப்பார்கள். கிளீட்டின் இடத்தைப் பாதமே சொன்னது. இன்றைய கார்பன் அடியில் தடம் விழாது. துளை எங்கே என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது.

குற்றம் கார்பன் அடியுடையது, அகலத்தை ஏன் பழிக்க வேண்டும் என்று கேட்கலாம். அதில் உண்மை உண்டு. ஜார்போ, கெசாடா இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பிளாஸ்டிக் அடியைவிடக் கார்பன் அடியில் முன்பாதத்தின் உச்ச அழுத்தம் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் அடியின் விறைப்பு, ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். பரவ இடமுள்ள பாதம் அதைத் தாங்கிக்கொள்ளும், நெருக்கப்பட்ட பாதம்தான் மரத்துப்போகும். இறுக்கம் இல்லாவிட்டால் சக்தி வீணாகும் என்பது அடுத்த வாதம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரா, கிராம் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிதமான வேகத்தில் சாதாரண ஓட்டக் காலணிக்கும் பூட்டிய சைக்கிள் ஷூவுக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. உச்ச வேகப் பாய்ச்சலுக்கு ஷூவைப் பெடலில் பூட்டுவது உதவலாம். ஞாயிற்றுக்கிழமை 80 கிலோமீட்டர் ஓட்டுகிறவரின் விரல்களை நெருக்க அது காரணமாகாது. பந்தய வீரர்கள் மூன்று வாரம் இதே ஷூவில் ஓட்டவில்லையா என்றால், முன்னணி வீரர்களுக்குப் பாத அளவெடுத்துத் தனியாகச் செய்துகொடுப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். கடையில் இருப்பது அதே ஷூவல்ல.

வலுவான மறுப்பு செலவுதான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 38 முதல் 48 வரை அரை அளவுகளோடு 21 அளவுகள். வலமும் இடமுமாக 42 அச்சுகள். ஒவ்வொரு புது அகலத்துக்கும் இன்னொரு 42, அதுவும் ஒவ்வொன்றிலும் பல பிரதிகள். கார்பன் அடிக்கான உலோக வார்ப்புகள் தனி. 1990களில் இந்த வட்டாரத்தின் தையல் வேலையில் கணிசமான பகுதி ருமேனியாவின் டிமிஷோராவுக்குப் போனதும் செலவுக் கணக்கால்தான். அகலமான வகையும் செய்ய முடியும் என்று சிடியின் மெகா ஷூக்கள் காட்டியிருக்கின்றன. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்க எனக்கு மனமில்லை. ஆனால் இருக்கும் அகலத்தைப் பெட்டியின்மேல் மில்லிமீட்டரில் அச்சடிப்பதற்குப் புது வார்ப்பு வேண்டாம், புது இயந்திரமும் வேண்டாம். அச்சின் பக்கவாட்டில் அளவு எண்ணோடு சுற்றளவுக் குறியும் பொறிக்கப்பட்டிருப்பது காலணித் தொழிலின் வழக்கம். தொழிலாளி அதைப் பார்த்துத்தான் அடுக்கிலிருந்து அச்சை எடுக்கிறார். ஷூ முடிந்து அச்சிலிருந்து கழன்று பெட்டிக்குள் போகும்போது நீள எண் மட்டும் கூடவே போகிறது; அந்தச் சின்னக் குறி அடுக்கிலேயே தங்கிவிடுகிறது.