சுவருக்குள் எத்தனை அடி ஆழம்?

ஃபிளாரன்ஸ் நகரின் சாண்டா மரியா நொவெல்லா தேவாலயத்தில், பீடத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கச் சுவரில் ஓவியர் மசாச்சியோவின் ‘திரித்துவம்’. 1427 வாக்கில் ஈரச்சாந்தில் தீட்டியது. ஆறரை மீட்டருக்கு மேல் உயரம். சிலுவைக்குப் பின்னால் சுவரையே குடைந்து கட்டியதுபோல் ஒரு வளைகூரை உள்ளே ஓடுகிறது. ஒற்றைப் படத்திலிருந்து முப்பரிமாண உருவம் எழுப்பப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நடுக்கூடத்தில் தள்ளி நேரெதிரே நின்று படமெடுத்தேன். மர இருக்கையில் உட்கார்ந்து மடிக்கணினியில் எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருளைத் திறந்தேன். கூரையில் உள்நோக்கிப் போகும் இரண்டு விளிம்புகளின் மேல் கோடுகளை இழுத்துப் பொருத்தியதும் அவை சந்திக்கும் மறைபுள்ளி விழுந்தது: சிலுவைக்குக் கீழே, காணிக்கையாளர் இருவர் மண்டியிட்டிருக்கும் படியருகே. நிமிர்ந்து பார்க்கிறேன். ஓவியத்தின் முன் நிற்பவர்களின் கண்களும் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கின்றன.

அகலமும் உயரமும் தகராறு செய்வதில்லை. ஆழம்தான் பிடிகொடுக்க மறுக்கிறது. நீண்ட அறையைத் தள்ளி நின்று பார்த்தாலும், குட்டையான அறையைக் கிட்டே நின்று பார்த்தாலும் கோடுகள் அதே இடத்தில்தான் விழும். ஏதாவது ஒன்றை நாம்தான் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். ஒற்றைப் படத்திலிருந்து பொருள்களை எழுப்பும், 2013-இல் வெளிவந்த த்ரீ-ஸ்வீப் முறையும் இப்படித்தான்: குறுக்குவெட்டு வட்டமா சதுரமா என்பதை முதல் இரண்டு இழுப்புகளோடு மனிதர் சொல்லிவிடுகிறார், மூன்றாவது இழுப்பில் அது படத்தின் விளிம்புகளைப் பிடித்துக்கொண்டே நீண்டு பொருளாக எழுகிறது.

இங்கே சொல்லிக்கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. கூரையின் பள்ளக்கட்டங்கள் சதுரம் என்று வைத்தால் ஓர் ஆழம். தரை சதுரம் என்றால் வேறோர் ஆழம். இரண்டும் ஒருசேரப் பொருந்தாது என்பதைக் கிரிமினிசி, கெம்ப், ஜிஸர்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இரண்டையும் கட்டிப் பார்த்தேன். முன்னிருந்து பார்த்தால் துளி வேறுபாடு இல்லை. பக்கவாட்டில் திருப்பினால் இரண்டு வெவ்வேறு கட்டடங்கள்!

நான் கூரையின் பக்கம். கண்மட்டம் அவ்வளவு தாழ்ந்திருப்பதால் தரை தெரியவே தெரியாது. கூரைக்கோ, சாந்து ஈரமாக இருக்கும்போதே வழிகாட்டுக் கோடுகள் கீறியிருக்கிறார் மசாச்சியோ. எல்லோர் கண்ணிலும் படும் அந்தக் கட்டங்களை நீள்சதுரமாக விட்டுவிட்டு, யாருமே பார்க்காத தரையைச் சதுரமாக்க அவர் மெனக்கெட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.