ஒரு விரற்கடை

நுழையும்முன்

வீடு கட்டும்போது நாம் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையேனும் அதனைப் பேணுவதில் காட்டுகிறோமா? பெரிய கதவொன்றின் பயனை அதன் அடியிலுள்ள சிறு ரப்பர் பட்டை தீர்மானித்துவிடுவதுண்டு. தேய்ந்ததைக் காண்பது எளிது. கண்டதும் மாற்றுவது அரிது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு குடும்பம் இழந்ததையும் கற்றதையும் கூறுகிறது இப்பாடம்.

மேட்டில் நுழைந்த நீர்

புதுச்சேரியின் வடமேற்கே, விமான நிலையத்தை ஒட்டிய மேட்டுப் பகுதியில் அமைந்துள்ளது லாஸ்பேட்டை. பிரெஞ்சு ஆளுநராக இருந்த ழான் லா தெ லோரிஸ்தோனின் பெயரால் இவ்வூர் வழங்கப்படுகிறது என்பர். மேட்டில் வாழ்வோருக்கு வெள்ளத்தைப் பற்றிய அச்சம் குறைவு. அங்கிருந்த ஒரு குடும்பமும் அந்த நம்பிக்கையோடுதான் வாழ்ந்தது.

குடும்பத்தின் மூத்தவர், பஞ்சாலையில் பொருத்துநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். வீட்டின் கீழ்த்தளத்தில் மகிழுந்து நிறுத்துவதற்கென ஓர் அறை கட்டியிருந்தார். மகிழுந்து வரவில்லை, மாறாக, மருமகளின் இரண்டு தையல் இயந்திரங்கள் வந்தன. ஷட்டர் எனப்படும் சுருள்கதவைக் காலையில் ஏற்றினால் அது தையலகம். இரவில் இறக்கினால் துணிகளின் கிடங்கு.

சித்திரை மாதத்து நண்பகலொன்றில், மூடிய கதவின் அடியில் ஒளிக்கோடு ஒன்று தெரிவதைப் பேத்தி கண்டாள்.

“தாத்தா, கதவு மூடியிருக்கும்போதே கீழே வெளிச்சம் வருகிறதே!”

“அடிப்பட்டை தேய்ந்துவிட்டது கண்ணு. மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடலாம்.”

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, ஐப்பசியும் வந்து சென்றது. ஆலை இயந்திரங்களில் தேய்ந்த உறுப்புகளை நாள் தவறாமல் மாற்றியவர், தம் வீட்டுக் கதவுக்கு மட்டும் நாள் குறிக்கவில்லை.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தும் விரைந்து அகலாமல் அங்கேயே நின்று பொழிந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அவர்கள் தெருவில் நீர் தேங்கவில்லை, சரிவில் ஓடியது. ஓடும் நீருக்கு ஒரு விரற்கடை இடைவெளி போதும். விடிந்து கதவை ஏற்றியபோது, கிறித்துமசுக்கும் பொங்கலுக்கும் தைக்கக் கொடுத்திருந்த துணிகள் செம்மண் குழம்பில் ஊறிக் கிடந்தன. வெண்ணிறத் துணிகளில் ஏறிய கறை எத்தனை முறை அலசியும் போகவில்லை. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கெனச் சேர்த்திருந்த பணத்திலிருந்து, துணிகளுக்கு உரியவர்களுக்கு ஈடு கொடுத்தார் அத்தாய்.

“கதவைச் சரிபார்க்காதது என் பிழையம்மா” என்றார் பெரியவர்.

“துணியைத் தரையில் வைத்தது என் பிழை மாமா. இனி எல்லாம் பலகைமேல்தான்” என்றார் மருமகள்.

தேய்வதற்கென்றே ஓர் உறுப்பு

கதவின் இரும்பும் தரையின் சிமெண்ட்டும் கடினமானவை. கடினப் பொருள்கள் இரண்டு எவ்வளவு நெருங்கினாலும் முழுமையாகப் பொருந்துவதில்லை. ஒன்றன் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப மற்றொன்று வளைந்து கொடுக்காது. அழுத்தினால் அமுங்கி, விட்டால் மீளும் மூன்றாவது பொருள் ஒன்று இடையே வேண்டும். அப்பணியைச் செய்வது ரப்பர்.

1770ஆம் ஆண்டில், எழுதுகோல் தடங்களை இப்பொருள் அழிப்பதை ஆங்கிலேய அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி குறிப்பிட்டார். ‘தேய்ப்பது’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்தே ரப்பர் என்ற பெயர் பிறந்தது. மரத்திலிருந்து கிடைக்கும் ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும்; குளிரில் விறைக்கும். அமெரிக்கரான சார்லசு குட்இயர் 1839இல் அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கியபோது இக்குறை நீங்கக் கண்டார். தனித்தனியே வழுக்கிச் சென்ற நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்ததே அதற்குக் காரணம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் எடுக்கப்படும் ரப்பர்ப்பாலும் இம்முறையாலேயே உறுதி பெறுகிறது.

ஆயினும் அச்சங்கிலிகளுக்குப் பகை உண்டு. காற்றிலுள்ள ஓசோன், இயற்கை ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி உடைக்கிறது. வெயில் அதனை முதுமையடையச் செய்கிறது. முதலில் மயிரிழை போன்ற வெடிப்புகள், பின்னர் விறைப்பு, இறுதியில் உதிர்வு. கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறொரு வழியில் ஊறு செய்கிறது. பட்டையைப் பிடித்திருக்கும் இரும்பு துருவேறிப் பருத்து, அதனை ஒழுங்கற்று நெருக்குகிறது. அதனால்தான் இன்று கதவுகளுக்கு ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இல்லை. ஆகவே ஓசோனையும் வெயிலையும் நெடுநாள் தாங்கும்.

மாற்றிய நாள்

தை பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் பணியைத் தொடங்கினார். கதவின் மேலே சுருளுக்குள் இருக்கும் விற்சுருளை அவர் தொடவில்லை. இறுக்கம் ஏறிய வில் கையை முறிக்கவல்லது; அது பயிற்சி பெற்றவர் வேலை. கதவை இடுப்பளவு ஏற்றி, கீழே இறங்காதவாறு இருபுறமும் கட்டைகளை முட்டுக்கொடுத்தார்.

“பழைய பட்டையை அளந்தால் போதுமா, தாத்தா?”

“கூடாது. அது சுருங்கியிருக்கும்; ஓரம் உதிர்ந்திருக்கும். கதவை அளந்து எழுது.”

துருப்பிடித்த திருகாணிகளைக் கழற்றி, பட்டையை அழுத்திப் பிடித்திருந்த இரும்புத் தகட்டை எடுத்தனர். பட்டை கையில் ஒடிந்தது. அடிச்சட்டத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை உதிர்த்து, துருத்தடுப்புப் பூச்சு பூசிக் காயவிட்டனர். பிறகு புதிய ஈபிடிஎம் பட்டையை வைத்தனர். பேத்தி அதனை நன்கு இழுத்துப் பிடித்தாள்.

“இழுக்காதே கண்ணு. இன்று இழுத்துப் பொருத்தினால் சில நாளில் தன் நீளத்துக்குத் திரும்பும். இரண்டு ஓரத்திலும் வழி விட்டுவிடும்.”

நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறித் திருகாணிகளை இறுக்கினர். சரியாகப் பொருந்தியதா என அறிய, குறிப்பேட்டுத் தாளொன்றைக் கதவடியில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தனர். பிடிப்போடு வந்தால் பட்டை தரையைத் தொடுகிறது. தாராளமாக வந்தால் அங்கே இடைவெளி உள்ளது. இடப்பக்க மூலையில் தாள் எளிதாக வந்தது.

“அங்கே மட்டும் தடித்த பட்டை வைக்கலாமா, தாத்தா?”

“குறை பட்டையில் இல்லை, தரை அங்கே பள்ளம். பள்ளத்தைத்தான் நிரப்ப வேண்டும்.”

சிறிது சிமெண்ட் குழைத்துத் தரையைச் சமன் செய்தார். சிமெண்ட் இறுகியபின் மறுபடி தாளை வைத்தபோது அது பிடிப்போடு வந்தது. பட்டையின்மேல் இயந்திர எண்ணெய் பூசக் கூடாது என்றும் கூறினார். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இவ்வகை ரப்பர் உப்பிக் கெடும். சுவரின் மேற்பகுதியிலிருந்த காற்றுத் துளைகளை அவர் அடைக்கவில்லை. அறை என்றால் காற்று வேண்டும். பிற்காலத்தில் மகிழுந்து வந்தாலும், மூடிய அறைக்குள் அதனை இயக்கினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறித்துவிடும்.

இன்னொரு வளையம்

“இவ்வளவு சிறிய பட்டைக்கு இத்தனை பாடா?” என்று பேத்தி கேட்டபோது, அவர் ஒரு விண்கலத்தைப் பற்றிக் கூறினார். 1986 சனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73ஆம் நொடியில் சிதைந்தது. அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். உந்துகலத்தின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்து, வெப்ப வாயுவைத் தடுக்கத் தவறியதே அழிவின் தொடக்கம். விசாரணையின்போது இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், அவ்வகை ரப்பர்த் துண்டொன்றை இடுக்கியால் அழுத்திப் பனிக்கட்டி நீரில் இட்டார். எடுத்து விடுவித்தபோது அது உடனே பழைய வடிவுக்கு மீளவில்லை.

“குளிரில் அது விறைக்கும் என்று யாருக்கும் தெரியாதா, தாத்தா?”

“தெரியும். பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்தார்கள். நீயும் சித்திரையிலேயே சொன்னாய்” என்றார் அவர். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

இருளில் ஒரு தேர்வு

அன்றிரவு கதவை இறக்கிவிட்டு, உள்ளே கைவிளக்கை ஏற்றி வைத்தார் பெரியவர். பேத்தி தெருவில் குனிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். ஒளிக்கோடு எங்கும் இல்லை. உள்ளே வந்து, கதவருகே சுவரில் அன்றைய நாளைச் சுண்ணத்தால் எழுதினாள். அதன்கீழே, ‘ஒவ்வோர் ஆடியிலும் பார்க்க’ என்றும் சேர்த்தாள்.

ரப்பர் பட்டை ஓடும் மழைநீரைத் தடுக்கும். புழுதியையும் பூச்சியையும் தடுக்கும். கதவளவு உயர்ந்து நிற்கும் வெள்ளத்தை அது தடுக்காது. அதற்கு வாய்க்கால் தூர்வாரப்பட வேண்டும். தெரு சீராக வடிய வேண்டும். அது ஊர் கூடிச் செய்யவேண்டிய பணி. கதவடியைக் காப்பது வீட்டாரின் பணி. ஒன்று நடக்கவில்லை என்பது மற்றொன்றைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

புதிய பட்டை பொருத்திய மறுநாளும், துணிமூட்டைகளைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்த பலகைமேல்தான் அடுக்கினார் மருமகள். பெரியவர் அதனைக் கண்டு மகிழ்ந்தார்.