பூனை பார்க்கப் போய்க் குடி தேடின கதை

சுபஹு தொழுதிட்டு நாங்க ரெண்டு பேரும் இறங்கிருவோம். நாங்க எண்டா, பெரியம்மா மகளும் சாச்சி மகளும். கையில மூணு வீட்டுத் திறப்பு. ஒரு வீட்டார் உம்றாவுக்குப் போயிருக்காங்க, இன்னொரு வீட்டார் கட்டார்ல மகனோட, மற்றவங்க கொழும்பு ஆஸ்பத்திரியில். சூடை மீனை அவிச்சு, முள்ளெடுத்து, சோத்தோட பிசைஞ்சு வைக்கணும். மண் தட்டை மாத்தணும். வட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பணும். சாய்ந்தமருதுல இந்தத் தொழிலுக்குப் பேர் கிடையாது. எங்களுக்குத்தான் 'பூனை பாக்கிற புள்ளைகள்' எண்டு பேர் விழுந்திச்சு.

ஒரு தடவை அலைச்சலுக்குப் பயந்து ஒரு பூனையை எங்கட வீட்டுக்கே தூக்கிட்டு வந்தோம். மூணாம் நாள் காணல்ல. ஓடிப்போய்ப் பார்த்தா, பூட்டின அதுட வீட்டு வாசல்ல படுத்திருக்கு. பக்கத்து வீட்டுப் பெத்தா வேலிக்கு மேலால சிரிச்சா.

"அது வீட்டை விட்டுப் போகாது மகள், நம்மட பொம்புளையளப் போல."

எங்கட ஊர்ல வீடு மகளுக்குத்தான். கல்யாணம் முடிச்சு வாற மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். பெத்தா அதைத்தான் சொன்னா. மறுகா கேட்டா: "நீங்க என்ன குடி?"

வாப்பாட வாப்பாட பேரைச் சொன்னோம். "குடி உம்மாவால வாறது. வாப்பாட பேர் என்னத்துக்கு?"

வெக்கமாப் போச்சு. இந்தக் கரையோர ஊர்கள்ல குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பது பழைய ஏற்பாடு. ஒரே குடிக்குள்ள கல்யாணம் முடிக்கிறதும் வழக்கமில்ல. அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் இந்தத் தாய்வழி முறையைப் பகிர்ந்துகொள்வதை 2008இல் வந்த நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எங்கட குடியோ எங்களுக்கே தெரியல்ல.

கடதாசிகளைக் கிளறினோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உம்மாட பேர் இருக்கு. பாட்டனுக்கும் ஒரு கட்டம் இருக்கு, பாட்டிக்கு இல்ல. உம்மம்மாட பத்திரங்களை 2004 டிசம்பர் 26இல் கடல் அலுமாரியோட கொண்டு போயிட்டு. கல்யாணப் பதிவு? 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி மாப்பிள்ளையும் வலியும் கையெழுத்து வைப்பாங்க. மணமகள் வைக்கத் தேவையில்ல. வாப்பாமாரை வைச்சு ஒரே பின்னேரத்தில் நாலு தலைமுறை போன நாங்க, உம்மாமாரில் ரெண்டாவதோட நிண்டுட்டோம்.

திரும்பவும் பெத்தாக்கிட்டயே போனோம். அவ கடதாசி ஒண்டும் கேக்கல்ல. உம்மம்மாட வீடு எந்தக் கிணத்தடியில இருந்திச்சு எண்டு மட்டும் கேட்டா. மறுகா குடியைச் சொன்னா. அவட உம்மா, அவட உம்மா எண்டு நாலு பொம்புளைகளை வரிசையாச் சொன்னா. பூனைக்குச் சோறு வைச்சுக்கிட்டே கேட்டோம். ஃபோனில் பதிவு செய்யவும் இல்ல. ராவு கொப்பியில் எழுத உக்கார்ந்தா மூணு பேர்தான் ஞாபகத்துக்கு வந்திச்சு.

அடுத்த கிழமை கேட்டோம். பெத்தா வேற ஒரு பேர் சொன்னா. அதுக்கு அடுத்த கிழமை, "அப்படி ஒருத்தியும் இல்லையே மகள்" எண்டு சொல்லிட்டு எங்களையே யாரெண்டு கேட்டா.

இப்ப திறப்பை வாங்கும்போது பூனைட சாப்பாட்டோட இன்னொண்டும் கேக்கிறோம்: "உங்கட உம்மம்மாட உம்மாட பேர் என்ன?" அநேகமானவங்க உடனே உம்மாவுக்கு ஃபோன் போடுறாங்க. நாங்க அந்த இடத்திலேயே எழுதிக்கிறோம்.

எங்கட கொப்பியில் நாலாவது வரி மட்டும் இன்னும் பென்சில்லதான் இருக்கு.