நீர் நின்றால் வழி ஆகிவிடுமா?

நாம் இழுக்கும் மூச்சுக்குக் கடைசி நிறுத்தம் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலெக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் வாங்கிக்கொண்டு இரண்டு நீர் மூலக்கூறாக மாறுவது இதற்குள்தான். அதே சுற்றில் இன்னும் நான்கு புரோட்டான்களை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டி இது வெளியே தள்ளுகிறது. 1977இல் மார்ட்டன் விக்ஸ்ட்ரோம் இதைச் சொன்னபோது மறுத்தவர்களில் பீட்டர் மிட்செலும் ஒருவர். சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடே உயிரணுவின் ஆற்றல் என்ற கோட்பாட்டைத் தந்தவரே அவர்தான்! 1995இல் படிக அமைப்புகள் வெளிவந்தன. ஆனால் 2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் ஹைட்ரஜன் கண்ணில் படாது. புரோட்டானோ எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன். தேடுகிற பொருள் மட்டும் விடுபட்டுப்போன படத்தை வைத்துக்கொண்டுதான் கணிப்பொறியில் புரோட்டானின் வழியைத் தேடும் வேலை தொடங்குகிறது.

இங்கே ஒரு சபலம் உண்டு. புரோட்டான் நீரில் நீந்திப் போவதில்லை. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் போல ஒரு நீர் மூலக்கூறு அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. இந்தக் கருத்தை குரோத்தஸ் 1806லேயே சொல்லிவிட்டார். ஆகவே சிமுலேஷனில் நீர் வரிசையாக நின்றால் ‘வழி கிடைத்துவிட்டது’ என்று எழுதத் தோன்றும். ரோடோபேக்டர் பாக்டீரியாவின் நொதியில் 286ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலத்துக்கும், ஹீம் இரும்பும் தாமிரமும் சேர்ந்த வினைமையத்துக்கும் நடுவே நீரை விரும்பாத ஒரு குழிவு இருக்கிறது. படிகத்தில் அது காலி. கணிப்பில் அங்கே சில நீர் மூலக்கூறுகள் கோத்து நிற்கின்றன. அழகான காட்சிதான், ஆனால் சான்று ஆகாது. சவ்வில் நீரைக் கடத்தும் புரதமான அக்வாபோரினைப் பாருங்கள். அதில் நீர் ஒற்றை வரிசையில் நொடிக்குக் கோடிக்கணக்கில் பாய்கிறது, புரோட்டான் மட்டும் கடப்பதில்லை. நடுவழியில் நீரின் முகம் திரும்பிவிடுவதே காரணம் என்று முதலில் சொன்னார்கள். புரோட்டானையே உள்ளே வைத்துக் கணித்தபோதுதான், மின்னூட்டத்தோடு அந்த இடுக்கில் நுழைய ஆகும் ஆற்றலே பெரிய தடை என்று தெரிந்தது. கணிப்பு வேதியியலாளர் ஆரியே வார்ஷெல் விடாமல் வாதாடியது இதற்காகத்தான்.

ஆகவே நீரைத் தனியாகவும் புரோட்டானைத் தனியாகவும் கணிக்கக் கூடாது என்பது என் கட்சி. அணுக்களுக்கு இடையிலான விசைகளைச் சொல்லும் சாதாரண விசைப்புலங்களில் பிணைப்பு முறியாது. எந்த அமிலத்தில் புரோட்டான் இருக்கிறது என்பதை நாமே முன்கூட்டி எழுதிவிடுகிறோம். அப்படி ஓட்டிய கணிப்பில் தெரியும் நீர்ச்சங்கிலி, புரோட்டான் வராதபோது இருக்கும் நிலை. கிரிகரி வோத் குழுவின் கணிப்புகளோ, காய்ந்து கிடக்கும் இடுக்குக்கும் புரோட்டானே நீரை இழுத்துவந்து தன் வழியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று காட்டின.

‘எண்ணைத் திருகினால் எந்த விடையும் வருமே?’ என்று ஆய்வகத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அறை வெப்பத்தில் மோலுக்கு 1.4 கிலோகலோரி பிசகினாலே வேகம் பத்து மடங்கு மாறிவிடும். நம் கணிப்புகளில் அவ்வளவு பிசகு சகஜம். அதனால்தான் ஒற்றை எண்ணை நம்பாமல், அதே நொதியின் 139ஆம் இட அஸ்பராஜின் போன்ற இடங்களில் கணிப்பைச் சோதிக்க வேண்டும். அதை அஸ்பார்டிக் அமிலமாக மாற்றினால் ஆக்சிஜன் வழக்கம்போல் நீராகிறது, புரோட்டானைத் தள்ளும் வேலை மட்டும் நின்றுபோகிறது. இத்தனைக்கும் அந்த இடம் 286இலிருந்து ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கிறது. புதிதாக வந்த மின்னூட்டமே காரணம் என்று முதலில் விளக்கினார்கள். பிறகு மின்னூட்டமே இல்லாத திரியோனினை அங்கே வைத்தபோதும் பம்ப் குலைந்தது. அந்த விளக்கம் மட்டும் போதவில்லை. இரண்டும் சோதனைச்சாலையில் தெரிந்தவை, கணிப்பு பின்னால் வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரே அளவுருக்களை வைத்து, எதையும் திருத்தாமல், இரண்டுக்கும் விடை சொல்லாத கணிப்பை நான் ஏற்கமாட்டேன்.

இத்துறைக் கட்டுரையில் நீலமும் சிவப்புமாக நீர்ச்சங்கிலிப் படம் கண்ணில் பட்டால், அந்தக் கணிப்பு ஓடியபோது உள்ளே புரோட்டான் இருந்ததா என்று முதலில் செய்முறைப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள்.