மணிக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நாய் நன்றியுள்ள பிராணி என்பதைச் சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். அது வீட்டைக் காக்கும், திருடனைக் கண்டால் குரைக்கும் என்று எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்ததாகிய அக்கல்லில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்தது என்றும் கல்வெட்டு சொல்கிறது. கடித்ததனால் கல்லில் பெயர் பெற்ற நாய் அது. ஆனால் பால்காரரும் தபால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் நடமாடும் இன்றைய தெருவில் கடிக்காத நாய்க்கே பெருமை. அந்தப் பெருமையை எங்கள் மணிக்குத் தேடித் தர, அக்காளும் தம்பியுமாகிய நாங்கள் பட்ட பாட்டைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மணி பெயர் பெற்ற இனத்தைச் சேர்ந்ததன்று. 2005-ஆம் ஆண்டில் நம் அஞ்சல் துறை இராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. மணியின் இனத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. வெண்ணாற்றங்கரையில் ஒரு மழைநாளில், மதகின் ஓரமாக நடுங்கிக்கொண்டு கிடந்த நாட்டு நாய்க்குட்டி அது. எங்கள் அப்பாயி தம் முந்தானையில் சுற்றித் தூக்கி வந்தார். சோறும் மோரும் தின்று நன்றாக வளர்ந்தது. ஒரே ஒரு குறை. யார் கையில் கம்பைக் கண்டாலும் அதற்கு ஆகாது. குட்டியாக இருந்தபோது யாரேனும் கம்பால் அடித்து விரட்டியிருக்கலாம் என்பது அப்பாயியின் எண்ணம்.

எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்கள் அப்பாவுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர். அவரை நாங்கள் வாத்தியார் தாத்தா என்று அழைப்போம். கைத்தடி இல்லாமல் அவரால் நடக்க இயலாது. புரட்டாசி மாதத்தில் ஒரு காலை வேளை அவர் டீக்கடைக்குப் போகையில் மணி குரைத்துக்கொண்டு பாய, அவர் தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாக அடி ஏதும் படவில்லை. ஆனால் மறுநாள் முதல் அவர் எங்கள் வாசல் வழியே வருவதை விட்டு, பின் தெரு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினார். அப்பாவுக்கு அது பெரும் வேதனையாகிவிட்டது.

"தை மாசம் முடியிறதுக்குள்ள இது திருந்தணும். இல்லேன்னா வயக்காட்டு மோட்டார் கொட்டகையிலதான் கொண்டுபோய்க் கட்டுவேன்" என்றார். அப்பா ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். ஆள் நடமாட்டமில்லாத அந்தக் கொட்டகையில் மணி இரவெல்லாம் தனியாகக் கிடக்க வேண்டும் என்பதை எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரம் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் பேசிய சித்தப்பாவிடம் முறையிட்டோம். அவர் எங்களுக்கு ஒரு புதுச் செய்தி சொன்னார். அமெரிக்கன் கென்னல் கிளப் என்ற பழைய சங்கம் 1989-ஆம் ஆண்டு முதல் நாய்களுக்கு நன்னடத்தைத் தேர்வு நடத்துகிறதாம். கேனைன் குட் சிட்டிசன், அதாவது 'நாய்களுள் நற்குடிமகன்' என்று அதற்குப் பெயர். பிரிட்டனில் உள்ள கென்னல் கிளப்பும் 1992 முதல் இதைப் போன்ற திட்டத்தை நடத்தி வருகிறது. அமெரிக்கத் தேர்வில் உயர்ந்த இனம், கலப்பினம் என்ற பேதம் கிடையாது. மொத்தம் 10 பாடங்கள். அந்நியர் வந்து நம்மோடு கைகுலுக்கிப் பேசும்போது நாய் அமைதியாக இருக்க வேண்டும். அவர் தடவிக் கொடுத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். உடம்பைச் சீவவும் காதையும் முன்னங்காலையும் பார்க்கவும் விட வேண்டும். கயிற்றை இழுக்காமல் நடக்க வேண்டும். ஆட்களின் நடுவே ஒழுங்காகச் செல்ல வேண்டும். உட்கார், படு என்றால் அப்படியே செய்து, இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். 10 அடி தூரத்திலிருந்து கூப்பிட்டால் வர வேண்டும். வேறொரு நாயைக் கண்டு துள்ளக் கூடாது. திடீர் ஓசைக்கும் ஓட்டத்துக்கும் மிரளக் கூடாது. கடைசியாக, வளர்ப்பவர் கண்ணில் படாதபோது 3 நிமிடம் வேறொருவரிடம் பொறுமையாக இருக்க வேண்டும். தேர்வு நேரத்தில் தின்பண்டம் காட்டுவதற்கு அனுமதியில்லை. பத்தில் ஒன்று தவறினாலும் தேர்ச்சி இல்லை!

நம் ஊரில் இந்தத் தேர்வை நடத்துவார் யார்? எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்து மருத்துவரிடம் போய் நின்றோம். அவர் சிரித்துவிட்டு, "அமெரிக்கச் சான்றிதழை நான் தர முடியாது. ஆனா அதே விதிப்படி சோதித்துப் பார்க்கிறேன். முதல்ல ரேபிஸ் ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார். லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அத்தடுப்பூசி போட்ட கதையையும், 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டதையும் அவரிடமே கேட்டறிந்தோம். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை அவர் எங்களைத் திரும்பச் சொல்ல வைத்தார். மணிக்கு ஊசியும் போட்டாயிற்று.

காலாண்டு விடுமுறையில் பயிற்சி ஆரம்பமாயிற்று. பொறைத் துண்டை மூக்குக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் தலை மேலே போகும், பின்புறம் தானே கீழே வரும். அந்த நொடியில் 'உட்கார்' என்று சொல்லித் துண்டைக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்கு விளங்காது. நாங்கள் 'உட்கார்' என்போம், அப்பாயி 'குந்து' என்பார். மணி இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். கடைசியில் அப்பாயியின் சொல்லே நிலைத்தது. நடக்கும்போது கயிற்றை இழுத்தால் நின்றுவிடுவோம். கயிறு தளர்ந்தால் மறுபடி நடப்போம். வாய்க்கால் கரையில் நூறு அடி தூரம் போக முதல் நாள் அரை மணி நேரம் ஆயிற்று.

கம்புதான் பெரும் சோதனை. முதலில் ஒரு கம்பைத் தரையில் கிடத்தி அதன் அருகே பொறையை வைத்தோம். அடுத்த வாரம் தம்பி அக்கம்பைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றான். மணி உறுமாத நாட்களில் மட்டும் இரண்டடி நெருங்கி வந்தான். உறுமினால் மறுபடி பின்வாங்கினான். ஐப்பசி மழையில் பயிற்சி மாட்டுக் கொட்டகைக்கு மாறியது. தீபாவளி வெடியில் மணி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ள, பத்து நாள் பாடம் வீணாயிற்று. மார்கழிப் பிறப்பில்தான் கம்போடு வருபவரைப் பார்த்து மணி முதன்முதலாக வாலை ஆட்டியது. அந்த ஆண்டு எங்கள் வீட்டில் இரண்டு தேர்வுகள்: ஒன்று பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு, மற்றொன்று மணியின் தேர்வு. எதற்கு அதிகமாகப் படிக்கிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை.

தை மாதத்து மூன்றாம் ஞாயிறு, நெற்களத்தில் தேர்வு. வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டிருந்தது. முதல் பாடத்துக்கு மருத்துவர் எழுந்தபோது, "டாக்டர் தம்பி, அந்தக் கைகுலுக்குற வேலைய நான் பாக்குறேனே" என்று ஒரு குரல் கேட்டது. வாத்தியார் தாத்தா! கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். எங்கள் நெஞ்சு படபடத்தது. மணி அந்தத் தடியைப் பார்த்தது. எங்கள் முகத்தைப் பார்த்தது. பிறகு 'குந்து' என்று யாரும் சொல்லாமலே உட்கார்ந்துகொண்டது. தாத்தா எங்களோடு கைகுலுக்கினார். குனிந்து மணியின் தலையையும் தடவினார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் கவனித்தோம்.

அடுத்தடுத்து ஆறு பாடங்கள் குறையின்றி முடிந்தன. ஒன்பதாவது பாடத்துக்காக வெண்கலத் தட்டைக் கீழே போட்டார்கள். மணி அசையவில்லை. ஆனால் அதே சமயத்தில், அறுவடையான பக்கத்து வயலில் மேய வந்த வாத்துக் கூட்டம் வரப்பேறி வந்துவிட்டது! கயிறு எங்கள் கையை விட்டு நழுவ, மணி பாய்ந்தோட, நூற்றுக்கணக்கான வாத்துகள் வாய்க்காலில் குதித்தன. மூன்றாம் முறை கூப்பிட்டபோது, நனைந்த காதுகளோடு திரும்பி வந்து எங்கள் காலடியில் உட்கார்ந்தது. வாத்து ஒன்றுக்கும் சேதமில்லை. பத்தாவது பாடத்தில், அப்பாயியோடு 3 நிமிடம் சாதுவாக இருந்தது.

"பத்துக்கு ஒன்பது. விதிப்படி தேர்ச்சி இல்லை" என்றார் மருத்துவர். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியும் தோற்ற மாணவன் எங்கள் மணிதான் போலும்! நாங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தோம். அவர் ஒன்றும் பேசாமல் வாத்தியார் தாத்தாவைப் பார்த்தார். "பத்தாம் மார்க்கு வாத்துக்குப் போச்சு. எனக்குள்ள மார்க்கை அது எடுத்துடுச்சுப்பா. கொட்டகையெல்லாம் வேண்டாம்" என்றார் தாத்தா. அப்பா மறுப்பேதும் சொல்லவில்லை.

தோழியரே, நாயை வளர்ப்பது நம் விருப்பம். அதற்குப் பயந்து வேறு தெருவழியே சுற்றிப் போவது அயலாரின் விருப்பமன்று. அமெரிக்காவில் பத்துப் பாடம் வகுத்தவர்கள் இதை எண்ணியே வகுத்திருக்க வேண்டும். சான்றிதழுக்காகச் சுவரில் அடித்த ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அடுத்த அறுவடைக்கு வாத்துகள் வரும். அதற்குள் ஒன்பதாம் பாடத்தை முடித்தாக வேண்டும்.