லெபனானில் பனி பெய்யுமா?

மலையகப் பாடசாலை ஒன்றில் நான் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்த காலம். 2011ஆம் ஆண்டு என்று நினைவு. பாடம், மத்தியதரைக் காலநிலை. ‘கோடை வெப்பமும் வறட்சியும் உடையது, மாரி மிதமான குளிரும் மழையும் உடையது’ எனக் கரும்பலகையில் எழுதி, உதாரணமான நாடுகளை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். லெபனான் என்று எழுதியதும் பின்வாங்கில் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

“சேர், லெபனானில பனி பெய்யுமா? வெள்ளையா கொட்டுமே, அந்தப் பனி?”

“பெய்யாது. அது மத்தியதரைக் கடலோர நாடு” என்றேன்.

“எங்கம்மா அங்கதான் வேலைக்குப் போயிருக்காங்க, சேர். வாசல்ல முழங்கால் அளவுக்குப் பனி கெடக்குன்னு போன்ல சொன்னாங்க.”

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும்.

அன்றிரவு தேசப்படத்தை விரித்துப் பார்த்தபோதுதான் என் அறியாமை எனக்கு உறைத்தது. லெபனானின் பரப்பு 10,452 சதுர கிலோமீற்றர். எமது தீவின் ஆறிலொரு பங்குக்கும் குறைவு. அத்துணை சிறிய நாட்டில், கடற்கரையை ஒட்டினாற்போல ஒரு மலைத்தொடர் வடக்குத் தெற்காக எழுந்து நிற்கிறது. அதன் சிகரமான குர்னத் அஸ்-சவ்தா 3,088 மீற்றர் உயரம். நாம் பெருமையோடு சொல்லும் பீதுருதாலகாலையைவிட ஐந்நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்த இச்சிகரம், கடலிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தொலைவிலேயே இருக்கிறது. மாரியில் மேற்கிலிருந்து ஈரக்காற்று வந்து மோதும்போது, கரையில் மழையாகவும் மேலே பனியாகவும் சொரிகிறது. மலைக்கு அப்பால் பெக்கா சமவெளி. அதன் வடகோடியில் ஆண்டுக்கு 250 மில்லிமீற்றர் மழைகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை. நான் கரும்பலகையில் எழுதிய ஒற்றை வாக்கியத்துக்குள் மூன்று காலநிலைகள் நசுங்கிக் கிடந்தன. லெபனான் என்ற பெயரே வெண்மையைக் குறிக்கும் செமித்திய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது என்பர். பெயரிலேயே பனியைச் சுமந்து நிற்கும் நாட்டில் பனி பெய்யாது என்று தீர்ப்புச் சொன்னவன் நான்!

அந்நாட்டின் உயிர்நாடியே அந்தப் பனிதான். ஆனி முதல் ஆவணி வரை அங்கு மழை இல்லையென்றே கூறலாம். மாரியில் சேர்ந்த பனி வசந்தத்தில் உருகி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, மலையடிவாரங்களில் ஊற்றாகப் பீறிடுகிறது. பெய்ரூத் நகரம் பருகும் நீரின் பெரும்பகுதி ஜெய்ற்றா ஊற்றிலிருந்து வருவது. அஃப்கா என்னுமிடத்தில் குகையொன்றின் வாயிலிருந்தே ஓர் ஆறு அருவியாய்க் குதிக்கிறது. உருகுநீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடும் நாட்களில் ஆறு சிவக்கும். காட்டுப்பன்றி கிழித்த அதோனிசு என்னும் இளைஞனின் குருதி அது என்று பண்டை மக்கள் சொன்னார்கள். விவிலியம் பாடிய கேதுரு மரங்களோ இன்று சில தோப்புகளாய் மட்டும் எஞ்சியுள்ளன. அரசர்களின் மாளிகைகளுக்கும் கப்பல்களுக்கும் போனவை போக, முதலாம் உலக யுத்தத்தில் அம்மலைகளின் மரங்கள் துருக்கியரின் புகையிரதங்களுக்கு விறகாகவும் எரிந்தன. மரம் நாட்டின் கொடியில் நலமாக இருக்கிறது.

சுற்றுலாப் படங்களில் அம்மலைச்சரிவுகள் படிப்படியாய்ப் பசுமை போர்த்துத் தோன்றும். அப்படிகள் இயற்கை வெட்டியவை அல்ல. தலைமுறை தலைமுறையாகக் குடியானவர் கல் சுமந்து கட்டியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றிற் பெரும்பகுதியில் முசுக்கட்டைச் செடி நட்டார்கள். அதன் இலை பட்டுப்புழுவுக்கு. பட்டு, பிரான்சின் லியோன் நகர ஆலைகளுக்கு. கொதிநீருக்குள் கைவிட்டுக் கூட்டிலிருந்து இழை பிரித்த கூலிப்பெண்கள் அம்மலைக் கிராமங்களின் மகளிரே. உண்ணும் தானியம் வெளியிலிருந்து வந்தது. தேயிலைக்காகக் காடழித்து, அரிசிக்குக் கப்பலை எதிர்பார்த்திருந்த எமது மலைநாட்டை அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

1915இல் வெட்டுக்கிளிப் படை வந்து பசுமையைத் தின்றது. நேசநாடுகளின் கடற்படை துறைமுகங்களை அடைத்தது. துருக்கியத் தளபதி ஜமால் பாஷாவின் ஆட்சி மலைக்குப் போகும் தானியத்தைக் கட்டுப்படுத்தியது, வணிகர் பதுக்கினர். 1918 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடுகின்றனர். அந்த ஆண்டுகளிலும் பனி பெய்திருக்கும், ஊற்று பீறிட்டிருக்கும், ஆறு சிவந்திருக்கும். பட்டினிக்குக் காலநிலையைக் குற்றஞ்சொல்வது இலகு. வெட்டுக்கிளிக்கு இறக்கை கொடுத்தது இயற்கைதான். முசுக்கட்டையை நடச்செய்தது சந்தை.

மறு ஆண்டு அந்த மாணவியின் தாய் ஊர் திரும்பியிருந்தார். பெற்றார் கூட்டத்துக்கு வந்தபோது, நான் செய்த தவறை ஒப்புக்கொண்டேன். பின்பு, புவியியல் ஆசிரியனுக்குரிய ஆவலோடு, கடல் எப்படியிருந்தது என்று கேட்டேன்.

“தூரத்தில பாத்திருக்கேன், சேர். மாடியில துணி காயப்போடுறப்ப தெரியும். நீலமா கெடக்கும்.”

“கரைக்குப் போனதில்லையா?”

“எங்க விடுவாங்க? பாஸ்போட்டு அவங்க கையில.”

அந்நாட்டின் 1946ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியது. எசமானரின் பொறுப்பிலேயே அவர்களைக் கட்டிவைக்கும் முறைக்குக் கஃபாலா என்று பெயர். 2007 சனவரி முதல் 2008 ஆகத்து வரை குறைந்தது 95 பணிப்பெண்கள் இறந்ததாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் கணக்கிட்டது; அவர்களில் 24 பேர் உயர்ந்த கட்டடங்களிலிருந்து விழுந்தவர்கள். அந்த மாடிகளிலிருந்தும் கடல் நீலமாகத்தான் தெரிந்திருக்கும்.

வசந்தத்தில் பாலைவனத்திலிருந்து ‘கம்சீன்’ என்ற புழுதிக்காற்று வீசும் என்று நூலிற் படித்திருந்தேன். அதைப் பற்றியும் கேட்டேன். பெயர் அவருக்குத் தெரியவில்லை. காற்றைத் தெரிந்திருந்தது.

“செகப்பா தூசி வருமே, அதா? அது அடிச்சா ஒரு நாளைக்கு மூணு தடவ மாடி கழுவணும், சேர்.”

“பனி? பார்க்க அழகாய் இருந்திருக்குமே?”

“அழகாத்தான் இருந்திச்சு” என்றார். “மொத நாள் கையில அள்ளிப் பாத்தேன். உப்பு மாதிரி இருந்திச்சு. கை எரிஞ்சிச்சு. அப்புறம் காலையில அத அள்ளிப்போட்டு காருக்கு வழி விடுறதே என் வேலையாப் போச்சு.”

மகள் அருகில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.