தாயத்தும் மாத்திரையும்

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிவிட்டால் கேமரன் மலைத் தோட்டங்களிலே பிள்ளையைப் பெற்றவர்க்கு உறக்கமில்லை. தோட்டப் பிழைப்பு தம் தலைமுறையோடு நின்றுவிட வேண்டும் என்பது அவர்தம் ஏக்கம். அவ்வேக்கம் நியாயமானதே. ஆயினும் ஏக்கமுள்ள வீட்டிலேதான் ஏமாற்றும் எளிதில் குடிபுகுகின்றது. முன்னர் அது தாயத்தாக வந்தது. இன்று மாத்திரையாக வருகின்றது.

சென்ற ஆண்டுத் தேர்வுக் காலத்தில் ஓர் அம்மையார் நமது அலுவலகத்துக்கு மாத்திரை அட்டையொன்றைக் கொண்டு வந்தார். "கிராணி ஐயா, தம்பி புத்தகத்துக்குள்ள இது இருந்துச்சு. படிப்பு ஏற மாத்திரைங்கிறான். என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். அட்டையில் மெதில்பெனிடேட் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. எழுதிக் கொடுத்த மருத்துவர் எவருமிலர்; நகரத்து நண்பனொருவன் கைமாற்றியது. பையனைத் தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு கூறி அனுப்பினோம்.

இம்மருந்து 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் ஆக்கப்பெற்று, 1954 முதல் ரிட்டலின் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 1937 வாக்கில், அமெரிக்கக் கல்லூரி மாணவர் பென்சிடிரின் மாத்திரையை விழுங்கித் தேர்வுக்குக் கண்விழித்தனர். ஆகவே இஃது இன்று நேற்று முளைத்த மோகமன்று.

தாயத்தை நோக்கி "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும் நாம், மாத்திரையை நோக்கியும் அதையே கேட்க வேண்டும். ஆதாரம் உண்டு, ஆனால் அது மாணவர் எண்ணுவதற்கு மாறானது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் நோயற்ற 40 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2023இல் வெளிவந்தது. குறித்த எடைக்குள் விலைமிக்க பொருள்களையே தேர்ந்து மூட்டை கட்டும் கணக்கை அவர்களிடம் கொடுத்தனர். மெதில்பெனிடேட் முதலிய மருந்துகளை உண்டபோது அவர்கள் முன்னிலும் மிகுதியாக முயன்றனர். ஆனால் முயற்சியின் தரம் தாழ்ந்தது. மருந்தின்றி நன்றாகச் செய்தவரே பெரிதும் பின்தங்கினர். மருந்து ஊக்கத்தைக் கூட்டிற்று, அறிவைக் கூட்டவில்லை.

தேர்வு அச்சத்தைப் போக்கவென்று புரோபிரனலால் விழுங்குவோரும் உளர். அது நெஞ்சின் படபடப்பையும் கைநடுக்கத்தையும் குறைக்கும். படியாத பாடத்தைக் கற்பிக்காது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கோ மூச்சையே அடைத்துவிடக்கூடும்.

இதற்கு மறுபக்கம் ஒன்றுண்டு; நம்மை வருத்துவது அதுவே. ஓரிடத்தில் நில்லாமல், சொன்னது நெஞ்சில் தங்காமல் அல்லற்படும் பிள்ளைகள் சிலர் எல்லா ஊரிலும் உளர். அஃது ஒரு கோளாறு என்பதும், மருத்துவர் ஆராய்ந்து கொடுத்தால் இதே மெதில்பெனிடேட் அதற்குப் பயன்படும் என்பதும் மருத்துவ நூலோர் கண்ட உண்மை. நம்மவரோ அப்பிள்ளையைச் சேட்டைக்காரன் என்று அடிக்கின்றனர். காற்றுக் கருப்பு என்று பூசாரியிடம் இழுத்துச் செல்கின்றனர். "பைத்தியக்கார மருந்து" என்று மருத்துவர் தந்ததையும் வீசி எறிகின்றனர். மருந்து வேண்டிய பிள்ளைக்கு அதை மறுக்கின்றோம். வேண்டாத பிள்ளை திருட்டுத்தனமாக விழுங்குவதைக் காணாதிருக்கின்றோம். இரண்டும் ஒரே அறியாமையின் இரு கிளைகள்.

சட்டத்தையும் நினைவிற் கொள்க. மலேசியாவில் இது 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் அடங்கியது. மருத்துவர் எழுதித் தராமல் வைத்திருப்பதே குற்றமாகும். நண்பனுக்கு இரண்டு மாத்திரை கொடுத்த பையன், தேர்வு மண்டபத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தில் நிற்க நேரலாம்.

தேயிலையிலுள்ள காபீனும் தூக்கத்தை மறைக்குமேயன்றித் தூக்கத்துக்கு ஈடாகாது. பகலிற் படித்தது மனத்தில் நிலைபெறுவது இரவு உறக்கத்திலேதான். ஆகவே தோழர்களே, தேர்வுக்கு முந்திய இரவிலேனும் பிள்ளையை உறங்க விடுங்கள். தொலைக்காட்சியை அணைத்து, வீட்டில் ஒரு மூலையையும் ஒரு மேசையையும் அவனுக்கு ஒதுக்குங்கள். தோட்டத்துப் படித்த இளைஞர் வாரம் இரண்டு மாலை கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்க முன்வரட்டும். பிள்ளையின் போக்கில் ஐயமிருப்பின் மருத்துவரிடம் செல்லுங்கள். பூசாரியிடமும் வேண்டாம், நண்பன் சட்டைப்பையிடமும் வேண்டாம்.